ஞாயிற்றுக்கிழமைகளில் சிவக்கும் பெட்டி

என் கணவருக்குக் கால் முறிந்த மழைக்காலத்தில்தான் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் கண்காணிப்பு சர்வரைப் போட்டேன். அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த வரை அப்படி ஒன்று எங்களுக்குத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் அவரே ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் ஜவ்வாது மலையில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறவர்கள். கீழேயிருந்து கேபிளில் வருவதைக் கடை மாடியில் வாங்கி, அங்கிருந்து காற்று வழியாக மேடுகளுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு மேட்டிலும் யாராவது ஒருவர் வீட்டை ஒட்டி ஓர் இரும்புக் கம்பம், கம்பத்தின் தலையில் ஒரு வெள்ளைப் பெட்டி. அது சுற்றியிருக்கும் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இணைப்பைக் கொடுத்துவிட்டு, அடுத்த மேட்டுப் பெட்டிக்கும் தள்ளிவிடும். என் கணவர் மலையிலேயே பிறந்தவர். எந்த மேட்டில் நின்றால் எந்த மேடு தெரியும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் மலைக்குக் கீழே சந்தவாசல்காரி. கல்யாணத்துக்கு முன் திருப்பத்தூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். மலைக்கு வந்த பிறகு ஜெராக்ஸ் எடுப்பது, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, "நெட்டு வர்லீங்க" என்று வரும் போனை எடுப்பது என் வேலை. வெளிவேலை முழுக்க அவருடையது.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், வளைவில் ஈர இலைகளின் மேல் பைக் சறுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. திருப்பத்தூரில் மாவுக்கட்டு போட்டு, தான் சொல்லும் வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையின் உள்ளறையில் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்தேன். கால்தான் கட்டிலில் கிடந்தது, மனசு மேடுகளில் சுற்றிக்கொண்டிருந்தது. போன் அடித்தால் எனக்கு முன்னால் அவர்தான் கத்துவார்: "யாரும்மா அது? எந்த ஊரு? லைட்டு எரியுதான்னு கேளு!"

வெளிவேலைக்கு நான் ஸ்கூட்டரை எடுத்தேன். கம்பம் ஏறும் வேலை என்றால் மட்டும் பக்கத்து ஊர்க் கேபிள்காரர் வந்து உதவுவதாக ஏற்பாடு. முதல் சில நாட்கள் படாத பாடு பட்டேன். ஒரு வீட்டில் நெட் இல்லை என்று அவ்வளவு தூரம் போனால், சுவிட்சை அவர்களே அணைத்து வைத்திருப்பார்கள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் இன்னோர் ஊரிலிருந்து போன் வரும். போய்ப் பார்த்தால் கோளாறு அங்கே இருக்காது, அதற்கு முந்தைய மேட்டில் இருக்கும்.

"எது செத்துச்சு, எது உசுரோட கீதுன்னே தெரியாம நீ அலையிற" என்றார் அவர். கண்கள் கலங்கியிருந்தன. தான் விழுந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது எனக்கு.

அப்போதுதான் திருப்பத்தூர்க் கம்பெனியின் நினைவு வந்தது. அங்கே சுவரில் ஒரு பெரிய திரை இருக்கும். கம்பெனியின் ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஒரு சின்ன வட்டம். வேலை செய்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. நாங்கள் டீ குடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்ப்போம். அப்படி ஒன்று நம் கடையில் இருந்தால், எந்தப் பெட்டி நின்றது என்று தெரிந்துகொண்டு கிளம்பலாமே!

எங்களிடம் இருந்தது ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பென்டிரைவைச் செருகிச் செருகி வைரஸ் ஏற்றிய கம்ப்யூட்டர். முதலில் அதைச் சுத்தம் செய்தேன். விண்டோஸிலேயே ஓடக்கூடிய, சில கருவிகள் வரை காசு கேட்காத ஒரு கண்காணிப்பு சர்வர் கிடைத்தது. நிர்வாகி உரிமை கொடுத்து ஏற்றினேன். உள்ளே போனதும் அது பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் கல்யாண நாளை வைத்தேன். "அத்த வெச்சா எனக்கே மறந்துடுமே" என்றார் கட்டிலில் இருந்தவர்.

அது தானாகவே சுற்றியிருக்கும் கருவிகளைத் தேடத் தொடங்கியது. முதலில் எங்கள் பிரிண்டரைப் பிடித்தது. அடுத்து என் போனை. அப்புறம், எங்கள் வைஃபை பாஸ்வேர்டு அவருக்கு எப்படிக் கிடைத்ததோ, எதிர் டீக்கடைக்காரரின் போனையும் பிடித்தது. மேட்டுப் பெட்டிகள் மட்டும் அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முகவரியையும் நானே ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தேன். அவர் படுத்த இடத்திலிருந்து எந்தப் பெட்டிக்கு அடுத்து எந்தப் பெட்டி என்று சொல்லச் சொல்ல, தாய், பிள்ளை என்று உறவு கொடுத்தேன். தாய்ப் பெட்டி நின்றுபோனால் பிள்ளைகளுக்காகத் தனித்தனியாக அலறாமல், தாயை மட்டும் காட்டும்.

முதல் தடவை ஓடவிட்டதும் எல்லா வட்டமும் சிவந்தன. அவர் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"அய்யோ, மொத்தமும் பூட்சா?"

"பதறாதீங்க. எல்லாமே செவப்பா இருந்தா நம்மகிட்டதான் கோளாறு."

விண்டோஸின் ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை வந்தது. அவர் ஒவ்வொரு பச்சைக்கும் ஊர்ப் பெயரைச் சொன்னார், மாட்டுக் கொட்டகையில் மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல.

மறுநாள் டவுன் வரை போய் வந்தேன். அதற்குள் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. சர்வரும் அதோடு சேர்ந்து தூங்கிவிட்டது. இனி எப்போதும் தூங்கவே கூடாது என்று அமைத்தேன். இன்னொரு காலை, விண்டோஸ் யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழுந்தது. எழுந்தபின் சர்வர் எழவில்லை. ஏதோ வேலையில் அதை நானும் கவனிக்கவில்லை. அன்று முழுக்க எதுவும் அலறாததால், எல்லாம் பச்சை என்று நம்பி இருவரும் நிம்மதியாக இருந்தோம். அதற்குப் பிறகு, கம்ப்யூட்டர் எழுந்தால் சர்வரும் தானே எழும்படி செய்து, மின்சாரம் போனாலும் ஓட ஒரு யூபிஎஸ்ஸும் வைத்தேன்.

திரையைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைத்த பிறகு அவருடைய முகமே மாறிவிட்டது. படுத்தபடியே மலை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போனால் போனில் கூப்பிட்டுச் சொல்வார்: "இன்னும் செவப்புதாம்மா. கேபிள கழட்டி மாட்டு. ஆங்... மஞ்சள். இரு. பச்சை! வந்துடு, சாப்புடலாம்." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அதுவரை அவர் வெளியே, நான் உள்ளே. இப்போது மாறிப் போனதில், அவர் எந்த வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார் என்று நானும், கடையில் எத்தனை விதமான ஆட்களுக்கு நான் பதில் சொல்கிறேன் என்று அவரும் தெரிந்துகொண்டோம்.

ஒரு பெட்டியைப் பற்றித்தான் அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து தள்ளி, ஒரு மேட்டில் தனியாக இருக்கும் ஓட்டு வீடு. அங்கே ஓர் அக்கா தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். கொஞ்சம் சாமை நிலம், நாலைந்து ஆடுகள். கம்பம் நட இடம் கொடுத்ததற்கு அவருடைய கரன்ட் பில்லை நாங்கள் கட்டுவோம்.

"அந்த அக்கா வூட்டுப் பெட்டிக்கு மட்டும் இன்னா சாபமோ" என்பார். "அடாப்டர மாத்திட்டேன், வயர மாத்திட்டேன். நான் போனா சரியாயிடும். கொஞ்ச நாள் நல்லா இருக்கும். திரும்ப நின்னுடும்."

திரை வந்த பிறகு அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் சிவந்தது, யாரும் போகாமலேயே இருட்டுவதற்குள் பச்சையானது. வேறு நாட்களில் அதைப் போலச் சமர்த்தான பெட்டி இல்லை.

அடுத்த ஞாயிறும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு சிவந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த வீட்டுக்கு அதுவரை நான் போனதில்லை. தார்ச் சாலை முடிந்து மண் பாதை ஏறியது. கடைசி மேட்டுக்கு முந்தைய வளைவில் போன் அடித்தது. வண்டியை நிறுத்தி எடுத்தேன்.

"போய்ச் சேந்துட்டியா?"

"இல்லீங்க. இன்னும் ஒரு மேடு கீது. இங்கருந்து வூட்டு ஓடு தெரியுது."

"அப்புறம் எப்டி அதுக்குள்ள பச்சை ஆச்சு?"

நான் வண்டியைப் பார்த்தேன். என் ஸ்கூட்டர் மேடேறும்போது போடுகிற சத்தம் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அதற்கு முன்பு அவருடைய பைக் சத்தமும் அப்படித்தான் கேட்டிருக்கும். "போய்ப் பாத்துட்டு சொல்றேன்" என்று வைத்தேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயசு, தலையை வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி வர்லியா?"

"அவருக்குக் கால் ஒடஞ்சிடுச்சுக்கா. நான் அவரு சம்சாரம்."

"அய்யோ, தெரியாதேம்மா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே விழுந்தார், எந்த ஆஸ்பத்திரி, வலி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கேள்விகள் தீர்ந்த பிறகும் எதையோ கேட்க வந்து கேட்காமல் நின்றார். சுவரோரம் பிளக் பாயின்ட். பிளக் அரைகுறையாகச் செருகியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"எலி இழுத்துடுதும்மா" என்றார்.

நான் பிளக்கை அழுத்திச் செருகினேன். பிறகு அவர், தன் குரலே தனக்குக் கேட்காத மாதிரி கேட்டார்:

"உன் போன்ல மூஞ்சி தெரியுமா? தம்பி போன்ல தெரியும்."

எனக்குப் புரியவில்லை. என் கணவருக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, அவங்க பொண்ணுக்கு வீடியோ கால் போட்டுத் தருவேன். வேலை முடிஞ்சதும் போட்டுக் குடுத்துட்டு வருவேன். நம்பர அனுப்புறேன், நீயும் போட்டுக் குடு. அதுக்கு காது கேக்காது, பேச்சும் வராது. வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனில தைக்குது, அங்கயே ஹாஸ்டல்."

பெட்டியிலிருந்து என் போனுக்கு வைஃபை வாங்கி அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும் முன்பே எடுத்தது போல, திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. இருபது வயசு இருக்கலாம். என்னைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். நான் போனை அக்காவிடம் திருப்பினேன்.

அப்புறம் அந்த வீட்டில் சத்தம் இல்லை. அக்கா போனை அரிசிக் குண்டானின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் தயங்கித் தயங்கிப் பேசிய பெண் இவர்தானா என்று இருந்தது. கைகள் அத்தனை வேகம். கன்னத்தைத் தொட்டார், வயிற்றைத் தட்டினார், கூந்தலை இழுத்துக் காட்டி முறைத்தார். மகள் எண்ணெய் வைக்கவில்லையாம். மகள் தான் தைத்த தோல் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அக்கா ஓடிப்போய்ப் பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்து திரைக்கு நேராகப் பிடித்தார். மகள் சத்தமில்லாமல் சிரித்தாள். ஆட்டுக்குட்டி மட்டும்தான் கத்தியது.

மகள் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். அக்கா இரண்டு கைகளாலும் பைக்கின் கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார், பிறகு மேலே ஏறுவது போல் காட்டினார், கடைசியில் கழுத்தில் தாலி இருக்கும் இடத்தைத் தொட்டார். பைக்கில் வந்து கம்பம் ஏறுகிறவரின் மனைவி. அவள் உடனே என்னைப் பார்த்துக் கை குவித்தாள்.

போனை வைத்த பிறகு அக்கா அதை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"எலி இல்லம்மா. நான்தான் புடுங்கி வுட்டேன்."

"தெரியும்க்கா."

"பொண்ணுக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு. அன்னிக்குதான் இஸ்கூலும் இருக்காது, புள்ளைங்களுக்கு நெட்டு தேவப்படாது, அதனால அன்னிக்கு மட்டும். என் போன்ல பேச்சுதான் கேக்கும். பேச்ச வெச்சுக்கினு நாங்க இன்னா பண்றது? ஊருக்குள்ள போய் ஒருத்தர்கிட்ட போன் கேட்டா, சுத்தி நின்னு வேடிக்க பாக்குதுங்க. நாங்க கைய ஆட்டுறத பாத்து சிரிக்குதுங்க. எம்பொண்ணு அதப் பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கும்."

"அவரு நம்பருக்குப் போட்டு, வாங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாரேக்கா."

"வேலையில்லாம ஒரு ஆம்பளய எப்டிம்மா வான்னு கூப்புட்றது? பெட்டி நின்னா அவரே வருவாரு. அது வேற."

அந்த வீட்டுக் கூரை வழியாக எத்தனையோ வீடுகளுக்கு நெட் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. அக்காவும் அதைக் கேட்டதில்லை.

கடைக்குத் திரும்பி நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். அந்த வட்டம் பச்சையாக இருந்தது. "நான் அந்த அடாப்டர எத்தினி வாட்டி மாத்தினேன் தெரியுமா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தலைய வாரிக்கினு, நல்ல பொடவ கட்டிக்கினு இருப்பாங்க. விருந்தாளி யாராச்சும் வர்றாங்கன்னு நெனச்சேன்."

மறுவாரம் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். என்னுடையது. மூலையில் கண்ணாடி விரிசல், மற்றபடி நன்றாக வேலை செய்தது. வீட்டுக்குள் ஒரு சின்ன வைஃபை பெட்டி மாட்டினேன். அக்காவுக்குப் படிக்க வராது. போனின் முகப்பில் வேறு எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டு, மகளின் படத்தை மட்டும் வைத்து, அதைத் தொட்டால் அழைப்பு போகும்படி செய்தேன். முதல் தடவை விரலை அழுத்திப் பிடித்ததில் படமே நகர்ந்து ஓடிவிட்டது. "அய்யோ, போய்ட்டாளே!" என்று பதறினார். திரும்ப வைத்துக் கொடுத்தேன். பூவைத் தொடுவது போல மெல்லத் தொட்டார். மகள் வந்தாள். யார் கூப்பிட்டது என்று அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. அம்மா தனியாக, தன் கையால் கூப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெளியே போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வைஃபை பெட்டியையும் சர்வரில் சேர்த்தேன். பெயர் கேட்டது. "அக்கா வூடு" என்று தமிழிலேயே அடித்தேன். சர்வருக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஒவ்வொரு பெட்டி வழியாகவும் எவ்வளவு தகவல் போகிறது, வருகிறது என்பதைச் சர்வர் ஒரு கோடாக வரையும். அக்கா வீட்டுக் கோடு வாரம் முழுக்கத் தரையோடு கிடக்கும். ஞாயிறு மத்தியானம் எழும்பி, நெடுநேரம் மேலேயே நின்று, பிறகு இறங்கும். என்ன பேசுகிறார்கள் என்று அதில் தெரியாது. பேசுகிறார்கள் என்று மட்டும் தெரியும். "தோ, ஆரம்பிச்சுட்டாங்க" என்று அவர் கட்டிலிலிருந்து சொல்வார். நான் எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வேன். பெட்டி அப்புறம் ஒரு ஞாயிறும் சிவக்கவில்லை.

பொங்கலுக்கு முன்பே கட்டைப் பிரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கோல் ஊன்றினார், பிறகு கோலையும் விட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மெல்லப் பைக்கையும் எடுத்தார். ஆனால் பாதி ஊர்களுக்கு இப்போது நான்தான் போகிறேன். அவர் கடையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுக்கிறார். பக்கங்களை மாற்றி அடுக்கி வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு. மத்தியானம் வந்தது, போனது. அக்கா வீட்டுக் கோடு எழும்பவே இல்லை. பெட்டி பச்சைதான், வைஃபையும் பச்சைதான். கோடு மட்டும் தரையில் கிடந்தது. போன் போட்டுப் பார்த்தால் எடுக்கவில்லை.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றேன்.

"நான் போய்ட்டு வர்றேன்" என்று அவர் சாவியை எடுத்தார். அன்று நான் தடுக்கவில்லை.

அவர் போய்ச் சேரும் நேரம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சையாகவே இருந்தது. ஒருவழியாக அவரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

"பொண்ணு வந்திருக்கும்மா! கம்பெனில ஆர்டர் கம்மியாம், லீவு குடுத்துட்டாங்களாம். நேத்து பஸ்ல சொல்லாம கொள்ளாம வந்து எறங்கியிருக்கு. போன் எங்கயோ பொட்டி மேல கெடக்குது, யாரு பாக்கறா?"

போனைத் திருப்பிக் காட்டினார். வாசலில் வெயில். அம்மாவும் மகளும் ஒரு முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். மகளின் தலையில் எண்ணெய் மின்னியது. நான்கு கைகளிலும் காய் இருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அந்தப் பெண்ணின் முன்னால் கையசைத்துப் போனைக் காட்டினார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மொச்சையை முறத்தில் போட்டுவிட்டு, ஏதோ நீளமாகக் கைகளால் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன்: சாப்பிட்டாயா என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அதைத் தப்பாகச் செய்துவிட்டேன் போல. அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"இன்னாங்க சொல்லிட்டேன் நான்?"

"யாருக்குத் தெரியும்!" என்றார் அவர். "மொச்சக் கொழம்பு வெக்கறாங்களாம், இருந்து சாப்புட்டுப் போவ சொல்றாங்க. உனக்கும் வாங்கினு வர்றேன். கடைய பாத்துக்கோ."